கண்ணையே ஆராய்ந்த மேதை சர் சி.வி. ராமன்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் சொல். கண்ணால் கண்டதைத் தீர விசாரித்தே உலகப் புகழ் பெற்ற தமிழர் சர் சி.வி. ராமன். முதுமையில் அவர் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது, காணும் அந்தக் கண்ணையே!

திருச்சியில் பிறந்தவர்

திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் 1888-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி ராமன் பிறந்தார். தந்தை சந்திரசேகர அய்யர் விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர். சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்து, 1907-ல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அதே ஆண்டில் லோகசுந்தரியை மணந்தார். சர்க்கார் நிதி இலாகா உத்தியோகத்தில் அமர்ந்து கல்கத்தா போய்ச் சேர்ந்தார்.

பகலெல்லாம் கணக்கு வழக்கு. காலையிலும் மாலையிலும் பவ்பஜார் தெருவில் இருந்த விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி. இப்படிப் பத்து ஆண்டுகள் ஓடின. 1917-ல் கை நிறையச் சம்பளம் கிடைத்த உத்தியோகத்தை உதறிவிட்டு, அதைவிடக் குறைந்த ஊதியத்துக்குக் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

கப்பலில் நடந்த சோதனை

1921-ல் இங்கிலாந்து சென்று கப்பலில் திரும்பினார். கடல் ஏன் நீலமாக இருக்கிறது? வானத்தின் நீலம் தண்ணீரில் தெரிகிறது, அவ்வளவுதான் என்று ராலே பிரபு என்ற பெரிய விஞ்ஞானி முன்பே கூறியிருந்தார். உலகமும் அதை ஏற்றுக்கொண்டிருந்தது.

ராமன் சும்மா இருக்கவில்லை. நிக்கோல் பிரிசம் என்ற சிறு கருவியைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, கப்பல் தளத்தில் நின்று கடலைப் பார்த்தார். தண்ணீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை அந்தக் கருவி தடுத்துவிடும். வானத்தின் நிழல் மறைந்தது. ஆனால் கடலின் நீலம் மறையவில்லை. முன்னைவிட நன்றாகவே தெரிந்தது!

தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடித்து அந்த நீலத்தைத் தருகின்றன என்று அவர் முடிவு கட்டினார். ஒரு பெரிய மனிதரின் கூற்றைக் கையளவு கருவியும் தன் இரு கண்களும் கொண்டு மாற்றிக் காட்டினார்.

இருட்டறையில் கிடைத்த நோபல் பரிசு

ஏழு ஆண்டுகள் கழித்து அதே கண்தான் மீண்டும் கை கொடுத்தது. வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் அப்போது அவருடன் ஆராய்ச்சி செய்துவந்தார். சூரிய ஒளியை ஊதா நிறக் கண்ணாடி வழியே திரவத்துக்குள் பாய்ச்சினார்கள். திரவத்துக்கும் கண்ணுக்கும் இடையே, ஊதா ஒளியை விடாத பச்சைக் கண்ணாடியை வைத்தார்கள். அப்படி வைத்தால் எதுவும் தெரியக் கூடாது. ஆனால் மங்கலாக ஓர் ஒளிக்கோடு தெரிந்தது. திரவத்துக்குள் புகுந்த ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வருகிறது என்பது இதனால் விளங்கியது. 1928 பிப்ரவரி 28-ந் தேதி இது உறுதியாயிற்று. 'ராமன் விளைவு' என்று பெயர் பெற்ற இந்தக் கண்டுபிடிப்புக்காக 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அவ்வளவு மங்கிய ஒளியை எந்தக் கண்ணும் உடனே பார்த்துவிடாது. அது இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும். கோலார் தங்கவயல் தொழிலாளர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2001-ல் சுரங்கம் மூடப்படும் வரை, மாரிகுப்பத்திலும் உரிகத்திலும் சாம்பியன் ரீபிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வெயிலிலிருந்து இருளுக்குள் இறங்கினார்கள். இறங்கியதும் எல்லாம் கறுப்பு. நேரம் போகப் போக உருவங்கள் தெரியும். கண் முழுமையாகப் பழகச் சுமார் அரை மணி நேரம் ஆகும்.

மங்கிய ஒளியில் வேலை செய்பவை கண்ணின் விழித்திரையில் உள்ள கோல் செல்கள். அவற்றுக்கு நிறம் தெரியாது. நிறம் காட்டுபவை கூம்பு செல்கள். அவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். எனவே மிக மங்கிய ஒளியில் தங்கமும் கண்ணுக்குச் சாம்பல் நிறம்தான். தங்கம் மாறவில்லை, பார்க்கும் கண் மாறியது.

தன் கண்ணைத் தானே பார்த்தார்

1933-ல் ராமன் பெங்களூருக்கு வந்தார். இந்திய விஞ்ஞானக் கழகத்தின் டைரக்டர் பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே. 1948-ல் தம் பெயரிலேயே ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். 1954-ல் பாரத ரத்னா விருது பெற்றார். எழுபது வயதைக் கடந்த பிறகு, பூக்களின் நிறங்களும் அவற்றை உணரும் கண்ணும் அவர் மனதைக் கவர்ந்தன.

அவர் செய்த சோதனை எளிமையானது. நல்ல வெளிச்சம் விழும் வெள்ளைத் திரையை நிறக் கண்ணாடி வழியே சில விநாடிகள் உற்றுப் பார்ப்பார். பிறகு கண்ணாடியைச் சட்டென்று எடுத்துவிடுவார். அப்போது அவருடைய விழித்திரையின் அமைப்பே பெரிதாகித் திரையில் தெரியும். தன் கண்ணைக் கொண்டே தன் கண்ணின் உட்புறத்தைப் பார்த்தார் ராமன்!

உலகம் ஏற்கவில்லை

கண்ணில் மூன்று வகை நிற உணர்விகள் உண்டு, அவற்றின் கலப்பிலேயே எல்லா நிறங்களும் தோன்றுகின்றன என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோரின் கொள்கை. ராமன் இதை ஒப்பவில்லை. சிவப்பும் பச்சையும் சேர்ந்துதான் மஞ்சள் உணர்வு வருகிறது என்பது அவருக்குப் பொருத்தமாகப் படவில்லை. தம் முடிவுகளை 1968-ல், எண்பதாவது வயதில், புத்தகமாக வெளியிட்டார்.

இந்த முறை அவர் கண் அவருக்கு வெற்றி தேடித் தரவில்லை. 1964-லேயே அமெரிக்க விஞ்ஞானிகள் கூம்பு செல்களை ஒவ்வொன்றாக அளந்து, மூன்று வகை இருப்பதைக் காட்டியிருந்தார்கள். கலர் டெலிவிஷன் திரையை லென்ஸ் வைத்துப் பார்த்தால், மஞ்சள் தெரியும் இடத்தில் சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும்தான் இருக்கும். கண் எதை உணர்கிறது என்பதைக் கண்ணால் அறியலாம். எப்படி உணர்கிறது என்பதை அறிய வேறு சாட்சியும் வேண்டும்.

அதே காலத்தில் தங்கவயலின் ஆழத்தில் இன்னொரு வகைப் 'பார்வை' நடந்துகொண்டிருந்தது. சாம்பியன் ரீப் சுரங்கத்தில் சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் கருவிகளை வைத்துக் காத்திருந்தார்கள். எந்தக் கண்ணுக்கும் படாத நியூட்ரினோ துகள்களின் தடயத்தை 1965-ல் அவை பிடித்தன. கண் எட்டாத இடத்துக்குக் கருவி எட்டியது.

கம்ப்யூட்டரின் கண்

இன்றைய காமிராவும் மூன்று நிற வழியில்தான் நடக்கிறது. கோடக் கம்பெனியின் பிரைஸ் பேயர் 1976-ல் உரிமை பெற்ற முறைப்படி, காமிராவின் உள்ளே சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு கட்டமும் தருவது ஓர் எண். கம்ப்யூட்டர் பார்ப்பது அந்த எண்களையே. வெயிலிலும் விளக்கொளியிலும் வெள்ளைச் சட்டையை வெள்ளையாகவே காட்டும் வேலையை நமக்கு மூளை செய்து தருகிறது. கம்ப்யூட்டருக்கு அதைத் தனியே கணக்கிட்டுத் தர வேண்டும்.

2016-ல் கூகுள் விஞ்ஞானிகள், சுமார் 1 லட்சத்து 28 ஆயிரம் விழித்திரைப் படங்களைக் கொண்டு, நீரிழிவால் கண்ணுக்கு வரும் கேட்டைக் கண்டறியக் கம்ப்யூட்டரைப் பழக்கியதை வெளியிட்டார்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூர் நாராயண நேத்ராலயா ஆகிய கண் மருத்துவமனைகளின் படங்களும் அதில் உண்டு. எந்தப் படத்தில் நோய் இருக்கிறது என்று அதற்கு முதலில் காட்டிக் கொடுத்தவர்கள் டாக்டர்கள். மனிதக் கண்தான் அதற்கு ஆசான்.

கடைசிச் சொற்பொழிவு

1970 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி நினைவுச் சொற்பொழிவில் ராமன் எடுத்துக்கொண்ட பொருள், காதும் கேட்கும் உணர்வும். கண்ணுக்குப் பிறகு காது! அதுவே அவருடைய கடைசிச் சொற்பொழிவு. நவம்பர் 21-ந் தேதி பெங்களூரில் காலமானார்.

அவருடைய நிறக்கொள்கை நிலைக்கவில்லை. ஆனால் யார் சொன்னாலும் தானே ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்ற அந்தப் பிடிவாதம்தான் கடலின் நீலத்தையும் நோபல் பரிசையும் தேடித் தந்தது. எண்பது வயதிலும் அது அவரை விட்டுப் போகவில்லை.