ஆய்லர் தாண்டாத படிகள்

கணிதப் பொருளியல் கற்பித்த நாள்களில், சாமுவேல்சன் 1939-இல் வகுத்த வணிகச் சுழற்சி மாதிரியில் கலப்பெண் மூலங்கள் வரும் இடத்தை அடைந்ததும், 'எளிதில் பெறலாம்' என்று கூறி நான்கு படிகளைத் தாண்டிவிடுவேன். மாணவர்கள் தலையசைப்பார்கள், விடைத்தாளில் அங்கேயே தடுமாறுவார்கள். பிழை என்னுடையதே என்று உணர்த்தியவர் லியோனார்டு ஆய்லர்.

அவர் 1707-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பிறந்தார். இருபது வயதில் ரஷியாவின் பீட்டர்ஸ்பர்க் சென்றார். இடையில் கால் நூற்றாண்டு பெர்லினில் பணியாற்றி, 1766-இல் பீட்டர்ஸ்பர்க் திரும்பினார். வலக்கண் பார்வை முன்பே போயிருந்தது. இப்போது இடக்கண்ணையும் புரை மறைத்தது.

அந்த நிலையில்தான் தொடக்கநிலை மாணவர்களுக்காக ஓர் இயற்கணித நூலை வாய்மொழியாகச் சொல்லி எழுதுவித்தார். எழுதியவர் கணித அறிஞர் அல்லர். பெர்லினிலிருந்து பணியாளாக உடன்வந்த, தையல் தொழில் பயின்ற இளைஞர். சாதாரணக் கணக்குகள் போடுவார், அதற்குமேல் அறியார். 1770-இல் வெளிவந்த ஜெர்மன் பதிப்பின் முன்னுரை, நூல் முடிவதற்குள் கடினமான கணக்குகளையும் அவர் தாமே தீர்த்தார் என்கிறது. அவருக்குப் புரிய வேண்டுமானால் ஒரு படியையும் விட முடியாதல்லவா? எந்த எண்ணைத் தன்னால் பெருக்கினாலும் குறை எண் வராது. ஆகவே குறை எண்ணின் வர்க்கமூலம் நாம் அறிந்த எண்களுள் இல்லை. எனினும் அதைக் கொண்டு கணக்கிடலாம் என்று நூல் பொறுமையாக நகர்கிறது.

அங்கேயே ஒரு சறுக்கலும் உண்டு. √−2, √−3 இரண்டையும் பெருக்கினால் √6 என்கிறது நூல். இது பிழையா, வர்க்கமூலத்துக்கு இரு மதிப்புகள் உண்டு என்ற கருத்தில் சொன்னதா என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடுகின்றனர். 1777-இல் ஆய்லரே √−1-ஐ 'ஐ' என்ற ஒற்றை எழுத்தால் குறித்தார். அவ்வாறு எழுதினால் ஐயம் எழாது: முதலாவது √2 ஐ; இரண்டாவது √3 ஐ; பெருக்கினால் √6 ஐ²; ஐ² என்பது −1; எனவே விடை −√6. என் மாணவர்கள் பலர் தவறியதும் இந்தப் படியில்தான்.

ஆய்லர் 1783-இல் மறைந்தார். இறுதிவரை கணக்கிட்டுக்கொண்டே இருந்தார்.

ஓய்வுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள், கலப்பெண் மூலங்களுக்கு ஒரு வகுப்புக்குப் பதிலாக மூன்று வகுப்புகள் ஒதுக்கினேன். பாடத்திட்டம் முடியவில்லை என்று துறையில் முணுமுணுப்பு எழுந்தது, உண்மைதான், முடியவில்லை.