கலாநிதி என்.எம். பெரேரா: கொள்கைக்கும் அதிகாரத்துக்கும் இடையில்

இந்த நாட்டின் அரசியல் வரலாற்றில், தேர்தல் மேடையில் தமிழ் மொழிக்கும் சிங்களத்துக்கும் சம அந்தஸ்து வேண்டுமென்று தென்னிலங்கை மக்களிடமே துணிந்து கூறி வாக்குக் கேட்டவர்கள் மிகச் சிலரேயாவர். அந்தச் சிலருள் முதன்மையானவர் லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர் கலாநிதி என்.எம். பெரேரா. அதே தலைவர் பிற்காலத்தில் அந்நிலைப்பாட்டிலிருந்து விலகிச் சென்றார் என்பதும் வரலாறேயாகும். சிறுபான்மை மக்கள் இன்றும் நினைவில் இருத்த வேண்டிய பாடம் அவரது வாழ்க்கையில் உண்டு என்பதனாலேயே அதனை இங்கு மீட்டுப் பார்க்க விழைகின்றோம்.

நானாயக்காரபத்திரகே மார்ட்டின் பெரேரா 1905 ஜூன் 6 ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். ஆனந்தாக் கல்லூரியிலும் கொழும்பு பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பயின்ற பின்னர் இலண்டன் பொருளியல் கல்லூரிக்குச் சென்று, பேராசிரியர் ஹரல்ட் லஸ்கியின் மாணவரானார். அரசியலமைப்புகளையும் பாராளுமன்ற நடைமுறைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்து இரு கலாநிதிப் பட்டங்களைப் பெற்றுக்கொண்டு நாடு திரும்பினார். அத்தகைய கல்வித் தகைமை உடைய ஒருவருக்குக் குடியேற்ற அரசின் கீழ் உயர் பதவிகள் காத்திருந்தன. அவரோ மலேரியா பரவிய கிராமங்களை நோக்கிச் சென்றார்.

1934-35 ஆம் ஆண்டுகளில் பரவிய மலேரியா கொள்ளைநோய் கேகாலை மாவட்டக் கிராமங்களைச் சூறையாடியபோது, அவரும் தோழர்களும் வீடு வீடாகச் சென்று மருந்தும் உணவும் வழங்கினர். பருப்பு கொண்டுவந்து கொடுத்த காரணத்தால் அக்கிராமத்தவர் அவரைப் பருப்பு மாத்தயா என்று அன்புடன் அழைத்தனர். 1935 டிசம்பரில் சமசமாஜக் கட்சி தோற்றுவிக்கப்பட்டது. 1936 இல் நடைபெற்ற அரசாங்க சபைத் தேர்தலில் ருவான்வெல்லை மக்கள் அவரைத் தெரிவு செய்தனர்.

அந்நாளில் கட்சி முன்வைத்த கோரிக்கைகள் இன்று சாதாரணமாகத் தோன்றலாம். கிராமத் தலைமைக்காரர் முறை ஒழிக்கப்பட வேண்டும், பாடசாலைப் பிள்ளைகளுக்கு நூல்கள் இலவசமாக வழங்கப்பட வேண்டும், பொலிஸ் நிலையங்களிலும் கீழ் நீதிமன்றங்களிலும் சிங்களமும் தமிழும் பயன்படுத்தப்பட வேண்டும் என்பன அவற்றுட் சில. ஆங்கிலம் அறியாத ஏழை, தன்மீது சுமத்தப்பட்ட குற்றம் யாதென்பதைக்கூட விளங்கிக்கொள்ள முடியாதிருந்த காலம் அது. சுதேச மொழி உரிமை என்பது சிங்களவருக்கு மட்டுமன்றித் தமிழ் பேசுவோருக்கும் உரியது என்ற தெளிவு அன்றே அவர்களிடம் இருந்தமை குறிப்பிடத்தக்கது.

1940 இல் பிரித்தானிய ஆட்சி அவரைச் சிறையிலிட்டது. 1942 ஏப்ரலில் தோழர்களுடன் கண்டிச் சிறையிலிருந்து தப்பி இந்தியா சென்ற அவர், அங்கு தலைமறைவாக இயங்கி, 1943 இல் பம்பாயில் கைதானார். யுத்தம் முடிவுறும்வரை சிறைவாசமே அவருக்கு விதிக்கப்பட்டிருந்தது.

சுதந்திரத்தின் பின்னர் வந்த முதலாவது பெருஞ் சோதனை பிரஜாவுரிமைப் பிரச்சினையாகும். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டமும் மலையகத் தோட்டத் தொழிலாளரையும் இந்திய வம்சாவளியினரான ஏனையோரையும் நாடற்றவராக்கின. அவர்களது வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. தமிழ்த் தலைவர்களுள் சிலரே அரசாங்கத்தின் பக்கம் நின்ற வேளையில், என்.எம். பெரேராவும் அவரது கட்சியும் அதனை எதிர்த்தனர். உழைக்கும் மக்களுள் ஒரு பிரிவினரின் உரிமையைப் பறிக்கும் அரசு நாளை மற்றப் பிரிவினர்மீதும் கைவைக்கும் என்பதே அவர்களது வாதமாக இருந்தது.

1953 இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12 ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் ஸ்தம்பித்தது. அப்போராட்டத்தின் முன்னணியில் நின்றவர்களுள் அவரும் ஒருவர். பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறக்க நேர்ந்தது. மறு ஆண்டு என்.எம். கொழும்பு மாநகர முதல்வரானார்.

மொழிப் பிரச்சினையில் அவர் எடுத்த நிலைப்பாடே தமிழ் பேசும் மக்கள் மனதில் அவருக்கு நிரந்தர இடத்தைப் பெற்றுத் தந்தது. தனிச் சிங்களம் என்ற கோஷம் வலுப்பெற்றுவந்த 1955 இல், இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்து வழங்கும் வகையில் அரசியலமைப்பு திருத்தப்பட வேண்டுமென அவர் பாராளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தார். கட்சியின் கூட்டங்கள் தாக்கப்பட்டன. வாக்குகள் இழக்கப்படும் என்பது தெரிந்திருந்தும் அவர் பின்வாங்கவில்லை. 1956 இல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்து தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். யாழ்ப்பாணத் தமிழருக்கும் கிழக்கின் முஸ்லிம்களுக்கும் மலையகத்தவருக்கும் ஒரே நேரத்தில் அநீதி இழைத்த அச்சட்டத்துக்கெதிராகத் தெற்கிலிருந்து எழுந்த நேர்மையான குரல் அது.

ஆனால் 1964 இல் காட்சி மாறியது. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தில் இணைந்து அவர் நிதியமைச்சரானார். சம அந்தஸ்துக் கோரிக்கை கைவிடப்பட்டது. அதனை ஏற்காத ஒரு பிரிவினர் கட்சியிலிருந்து வெளியேறினர். அதே ஆண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், மலையக மக்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதற்கும் 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்குவதற்கும் உடன்பாடு கண்டது. அம்மக்களின் கருத்து கேட்கப்படவில்லை. 1948 இல் அவர்களுக்காக வாதாடியவர், அந்த ஒப்பந்தத்தைச் செய்த அமைச்சரவையில் அமர்ந்திருந்தார்.

1966 ஜனவரியில், தமிழ் மொழி உபயோகத்துக்கான ஒழுங்குவிதிகளை டட்லி அரசாங்கம் கொண்டுவந்தபோது, ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியுடன் இணைந்து சமசமாஜிகளும் அதனை எதிர்த்தமை தமிழ் மக்களைப் பெரிதும் புண்படுத்தியது. பத்தாண்டுகளுக்கு முன்னர் கல்லெறியைத் தாங்கியவர்களா இவர்கள் என்று மக்கள் வியந்தனர்.

1970 இல் அமைந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் அவர் மீண்டும் நிதியமைச்சரானார். கறுப்புப் பணத்தை வெளிக்கொணரும் நோக்குடன் 50, 100 ரூபா நோட்டுகளைச் செல்லாதவையாக்கினார். செல்வந்தர் மீதான வரிகளும் காணி, வீட்டு உச்சவரம்புச் சட்டங்களும் சமத்துவத்தை நோக்கிய நடவடிக்கைகளே என்பதை மறுப்பதற்கில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய்ச் செய்கையாளர் பயனடைந்தனர். மறுபுறம், உணவுத் தட்டுப்பாடும் எரிபொருள் விலையேற்றமும் ஒருங்கே தாக்கியதனால் 1973 இல் அரிசிப் பங்கீடு குறைக்கப்பட்டது. தோட்டப்புறங்களில் பட்டினி தலைவிரித்தாடியது. அரிசிக்காக ஹர்த்தால் நடத்தியவரே நிதியமைச்சராயிருந்த காலத்தில் இது நிகழ்ந்தது.

1972 அரசியலமைப்பு சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவிலிருந்த சிறுபான்மையோருக்கான காப்பீட்டை நீக்கியது. பௌத்தத்துக்கு முதன்மை இடத்தையும் சிங்களத்துக்கு அரசகரும மொழி அந்தஸ்தையும் உறுதி செய்தது. அதனை வரைந்தவர் அவரது நெடுநாள் தோழர் கொல்வின் ஆர்.டி சில்வா. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் முறை புகுத்தப்பட்டதும் இவ்வாட்சியிலேயே. என்.எம். தனிப்பட்ட முறையில் இனவாதியாக என்றும் இருந்ததில்லை என்பதே எமது கருத்தாகும். எனினும், கூட்டுப் பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்க வரலாற்றினால் முடியாது.

1975 இல் சமசமாஜ அமைச்சர்கள் பதவி நீக்கப்பட்டனர். 1977 தேர்தலில் கட்சி ஓர் ஆசனத்தையேனும் பெறவில்லை. விட்டுக்கொடுத்தவற்றுக்குப் பதிலாகப் பெரும்பான்மையினரின் வாக்காவது கிடைத்ததா என்றால், அதுவும் கிடைக்கவில்லை. தோல்வியின் பின்னரும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1978 அரசியலமைப்பை ஆராய்ந்து நூலொன்றை எழுதி, நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையின் ஆபத்துகளை எடுத்துக்காட்டினார். இலண்டனில் கற்ற கல்வி இறுதியாக நாட்டுக்குப் பயன்பட்ட சந்தர்ப்பம் அது. 1979 ஆகஸ்ட் 14 ஆம் திகதி அவர் காலமானார்.

சிறுபான்மை மக்கள் இம்மனிதரை எவ்வாறு மதிப்பிடுவது? 1948 இலும் 1956 இலும் அவர் எடுத்த நிலைப்பாடுகளுக்காக நன்றியுடன் நினைவுகூர வேண்டும். 1964 க்குப் பின்னர் நிகழ்ந்தவற்றை மறக்கவும் கூடாது. ஒன்றுக்காக மற்றொன்றை மறைப்பது நேர்மையாகாது.

2024 இல் இடதுசாரிப் பாரம்பரியத்திலிருந்து வந்த ஒருவரை நாடு ஜனாதிபதியாகத் தெரிவு செய்தது. அவ்வாண்டு நவம்பரில் நடைபெற்ற பொதுத் தேர்தலில் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் தமிழ், முஸ்லிம் மக்கள் பெருமளவில் அந்த அணிக்கு வாக்களித்தனர். முற்போக்கு வேட்பாளர் ஒருவர் தேர்தலுக்கு முன்னர் கூறுபவை முக்கியமானவையே. ஆயினும் அவர் அதிகாரத்தில் அமர்ந்த பின்னர், பெரும்பான்மையினரின் கோஷம் உரத்து ஒலிக்கும் நாளில் என்ன செய்கின்றார் என்பதே இறுதி அளவுகோலாகும். கற்றறிந்தவரும் தியாகியுமான என்.எம். பெரேராவே அந்நாளில் தடுமாறினார் என்றால், வாக்களித்த மக்களின் விழிப்பு எத்துணை அவசியமானது என்பதை நாம் கூறத் தேவையில்லை.