கல்லறை கற்ற மெடோஸ் டெய்லர்

நம் காவிரிச் சமவெளியில் கல்லைக் காண்பதரிது. ஆயின் புதுக்கோட்டைச் சீமையின் சித்தன்னவாசலில் பெருங்கற்காலக் கல்வட்டங்கள் பல உள. இத்தகைய ஈமச் சின்னங்களை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் பிலிப் மெடோஸ் டெய்லர்.

1808இல் லிவர்ப்பூலில் பிறந்த அவர், 15ஆம் வயதில் பம்பாய் வந்து, பின்னர் ஐதராபாத் நிசாமின் பணியில் சேர்ந்தார். வழிப்பறிக் கொலைஞரான தக்கர்களைப் பற்றி 1839இல் வெளிவந்த நாவல் அவருக்குப் பெரும் புகழை ஈட்டித் தந்தது. இன்றைய கர்நாடகத்திலுள்ள சுரபுரத்தை அவர் நிர்வகித்தபோது, இளம் அரசர் வெங்கடப்ப நாயகர் அவரை அப்பா என்றே அழைத்தார். குருதித் தொடர்பில்லாத உறவு அது!

அப்பகுதியிலிருந்த கல்லறைகளை டெய்லர் அகழ்ந்தார்; வெட்டிய குழியின் மண்ணடுக்குகளை அப்படியே வரைந்து வைத்தார். 1860இல் இந்தியாவை விட்டு அயர்லாந்து சென்று டப்ளின் நகரில் வாழ்ந்தார். தம் ஆய்வுகளை ராயல் ஐரிஷ் அகாடமியின் வெளியீட்டில் பதிப்பித்தார். இந்தியக் கல்லறைகளும் ஐரோப்பியக் கல்லறைகளும் உறவுடையவை என்பது அவர் கருத்து.

அக்கருத்து நிலைக்கவில்லை. அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறை ஏறத்தாழ கி.மு. 3200இல் எழுந்தது. நீண்ட நடைவழியுடைய அதனுள், ஆண்டின் மிகக் குறுகிய பகலன்று காலைக்கதிர் நுழையும். தக்காணக் கல்லறைகளில் பெரும்பாலானவையோ இரும்புக் காலத்தவை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிந்தியவை. ஒப்புமை வேறு, உறவு வேறு. இறந்தோரைப் போற்றும் உள்ளம் மட்டுமே இரு நாட்டிற்கும் பொது.

எனினும் அவர் வரைந்த படங்கள் நிலைத்தன. பிற்காலத் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அவற்றைப் பாராட்டினார். 1876இல் பிரான்சு நாட்டில் டெய்லர் மறைந்தார். கண்டதைக் கண்டவாறே குறித்து வைப்பவனின் உழைப்பு, அவன் முடிவு பிழைத்தாலும் வீணாவதில்லை. மாணவ நண்பர்களே, இதுவே அவர் வாழ்வு நமக்குணர்த்தும் பாடமாகும்.