தோட்ட மக்களைக் கொன்ற காய்ச்சலை மண்ணில் தேடிய டாக்டர் மால்கம் வாட்சன்

ஸ்கூடாய்: காம்பிர், மிளகுத் தோட்டங்களுக்காக ஆற்றோரம் காடு அழிக்கப்பட்ட காலம் ஒன்று ஸ்கூடாய்க்கு உண்டு. பிறகு ரப்பர் வந்தது, அதற்குப் பின் செம்பனை வந்தது. இன்று தாமான்கள், தொழிற்சாலைகள், கிடங்குகள், பல்கலைக்கழகம் என்று ஊரே வேறாகிவிட்டது. பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது இயந்திரத்தின் முன் நிற்கிறார்கள், உணவுப் பொட்டலம் கொண்டு ஓடுகிறார்கள், பொழுது விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் புறப்படுகிறார்கள்.

வேலை மாறும்போது அதோடு வரும் ஆபத்தும் மாறுகிறது. இந்த உண்மையை நூறாண்டுகளுக்கு முன்பே நம் நாட்டு ரப்பர் தோட்டங்களில் கணக்கெடுத்துக் காட்டியவர் ஒரு ஸ்காட்லாந்து மருத்துவர். அவர் பெயர் சர் மால்கம் வாட்சன். அவர் சேர்த்த கணக்குகளில் இருந்த உயிர்களில் பெரும்பாலானவை தமிழ்த் தொழிலாளர்களின் உயிர்கள். அதனால் அவருடைய வாழ்க்கைக் கதை நம்முடைய கதையும்தான்.

கிள்ளானுக்கு வந்த இளம் மருத்துவர்

மால்கம் வாட்சன் 1873ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரை அடுத்த கேத்கார்ட்டில் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். 1900இல் மலாயா அரசாங்க மருத்துவச் சேவையில் சேர்ந்தார். 1901இல் கிள்ளான் வட்டார மருத்துவராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 27.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 1897 ஆகஸ்டு மாதம், இந்தியாவின் செகந்தராபாத்தில் ரொனால்ட் ரோஸ் என்ற ராணுவ மருத்துவர் கொசுவின் வயிற்றில் மலேரியா கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். கெட்ட காற்றால் காய்ச்சல் வருகிறது என்று அதுவரை நம்பி வந்தார்கள். கொசுதான் காரணம் என்பது தெரிந்தது. ஆனால் ஓர் ஊரையே அந்தக் கொசுவிடமிருந்து எப்படிக் காப்பது என்பதைச் செய்து காட்டியவர்கள் அப்போது மிகச் சிலரே.

கிள்ளான் அன்று சதுப்பும் புதர்க்காடும் சூழ்ந்த சிற்றூர். மருத்துவமனை காய்ச்சல்காரர்களால் நிறைந்து கிடந்தது. பக்கத்தில் போர்ட் சுவெட்டன்ஹம் என்ற புதிய துறைமுகம் 1901 செப்டம்பரில் திறக்கப்பட்டது. இன்றைய போர்ட் கிள்ளான் அதுதான். அலையாத்திக் காட்டை வெட்டி அமைத்த இடம் அது. திறந்த சில வாரங்களிலேயே ரயில்வே ஊழியர்களும் துறைமுகத் தொழிலாளர்களும், வந்து நின்ற கப்பல்களின் மாலுமிகளும்கூட காய்ச்சலில் விழுந்தார்கள். பெரும் பணம் கொட்டிக் கட்டிய துறைமுகத்தைத் தற்காலிகமாக மூட வேண்டிய நிலை வந்தது.

நோயாளிகளுக்குக் கொய்னா மருந்து கொடுப்பதோடு வாட்சன் நின்றுவிடவில்லை. சதுப்பை வடித்துவிட வேண்டும், பள்ளங்களை மேடாக்க வேண்டும், ஊரை ஒட்டிய புதர்க்காட்டை வெட்ட வேண்டும், துறைமுகத்தில் கடல்நீர் ஏறாமல் கரை கட்ட வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். வேலை நடந்தது. 1901இல் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹமிலும் இறந்தவர்கள் 582 பேர். மறு ஆண்டு, 1902இல், இறந்தவர்கள் 144 பேர். அடுத்து வந்த ஆண்டுகளிலும் இறப்பு மீண்டும் பழைய அளவுக்கு ஏறவில்லை.

நகரம் பிழைத்தது, தோட்டம்?

இந்த வெற்றி பட்டணத்தோடு நின்றது. அரசாங்க அலுவலகங்களும் துறைமுகமும் இருந்த இடத்துக்குப் பணம் ஒதுக்கப்பட்டது. பக்கத்திலிருந்த தோட்டங்களில் மக்கள் முன்போலவே காய்ச்சலில் விழுந்துகொண்டிருந்தார்கள்.

அது ரப்பர் விலை ஏறிய காலம். புதிய தோட்டங்கள் மளமளவென்று திறக்கப்பட்டன. தமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்து ஆட்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். சஞ்சிக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டாலும் கங்காணி வழியாக ஆள் சேர்ப்பது தொடர்ந்தது. வந்தவர்களில் பலருக்கு இந்தக் காய்ச்சலைத் தாங்கும் உடம்பு வாய்க்கவில்லை. லயங்களோ பெரும்பாலும் வேலைக்கு வசதியாக காட்டோரத்தில் கட்டப்பட்டிருந்தன.

1911இல் கூட்டரசு மலாய் மாநிலங்களின் தோட்டத் தொழிலாளர்களில் ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 63 பேர் அந்த ஓர் ஆண்டிலேயே இறந்துபோனார்கள். இது எல்லாத் தோட்டங்களையும் சேர்த்த சராசரி. புதிதாகத் திறந்த சில தோட்டங்களில் நிலைமை இதைவிடப் பல மடங்கு மோசமாக இருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் வயதில் இருந்தவர்கள்.

வந்த ஆட்கள் நோஞ்சான்கள், சுத்தம் தெரியாதவர்கள், ஒழுங்காகச் சாப்பிடாதவர்கள் என்று தொழிலாளர்கள் மேலேயே பழி போடும் பேச்சு அன்று தோட்டங்களில் சாதாரணம். வாட்சன் அந்தப் பேச்சை ஏற்காமல், சாவுக்குக் காரணத்தை நிலத்தில் தேடினார்.

பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்

மலேரியா அடிக்கடி தாக்கினால் மண்ணீரல் வீங்கும். பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தே அதைக் கண்டுபிடிக்கலாம். வாட்சன் தோட்டம் தோட்டமாகப் போய் லயத்துப் பிள்ளைகளைச் சோதித்தார். எந்த லயத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு வீக்கம் இருக்கிறது, அந்த லயம் காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று குறித்து வைத்தார்.

கடலோரச் சமவெளித் தோட்டங்களில் விடை தெளிவாகவே கிடைத்தது. காட்டை ஒட்டிய லயங்களில் பிள்ளைகள் நோயாளிகளாக இருந்தார்கள். காட்டிலிருந்து தள்ளி இருந்த லயங்களில் நோய் குறைவாக இருந்தது. அங்கே நோய் பரப்பிய கொசு, நிழலடர்ந்த காட்டுச் சதுப்பில் முட்டையிடும் வகை. காட்டை வெட்டி, சதுப்பை வடித்து, லயத்தைத் தள்ளிக் கட்டினால் நோய் விலகியது.

பின்னர் அரசாங்கப் பணியை விட்டுத் தோட்டங்களின் மருத்துவராகவே பணியாற்றிய வாட்சன், மலைப்பாங்கான தோட்டங்களுக்கும் இதே வைத்தியத்தைக் கொண்டு போனார். அங்கே அது பலிக்கவில்லை. காட்டை வெட்டிய பிறகும் காய்ச்சல் நின்றபாடில்லை. வடிகால் வெட்டிய இடங்களிலும் ஆட்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள்.

காரணத்தைத் தேடியபோது வேறொரு கொசு அகப்பட்டது. மக்குலாத்தஸ் என்ற அந்த வகை இருட்டையும் சேற்றையும் விரும்புவதில்லை. வெயில் படும் தெளிந்த ஊற்றுநீரிலும் சிற்றோடையிலும்தான் அது முட்டையிடும். ரப்பர் நடுவதற்காக மலைச்சரிவில் காட்டை வெட்டியபோது வெயில் ஓடைகளில் விழுந்தது. சமவெளியில் மக்களைக் காப்பாற்றிய அதே வேலை மலையில் நோய்க்கு வழி திறந்துவிட்டது.

இதற்கு அவர் வேறு வழி தேடினார். ஓடைநீரையும் ஊற்றுநீரையும் நிலத்துக்கடியில் புதைத்த குழாய்கள் வழியே ஓடவிட்டார். வெயிலும் கொசுவும் அந்த நீரை எட்ட முடியவில்லை. பனாமா கால்வாய்ப் பகுதிக்குப் போய், அங்கே மலேரியாவை எப்படி அடக்கினார்கள் என்றும் நேரில் பார்த்து வந்தார். குழாய் புதைக்கப் பணம் போதாத இடங்களில் வாரந்தோறும் நீர்மேல் எண்ணெய் தெளிக்கும் முறை பிறகு பரவியது. முதுகில் எண்ணெய்த் தோம்பைச் சுமந்து ஓடையோரம் நடந்தவர்களும், மண்ணைத் தோண்டிக் குழாய் புதைத்தவர்களும் தொழிலாளர்களே. இந்தத் தடுப்பு வேலையில் அவர்களுடைய உழைப்பும் அடங்கியிருக்கிறது.

எல்லாக் கொசுவையும் ஒழிக்கத் தேவையில்லை, அந்தந்த இடத்தில் நோய் பரப்பும் வகை எதுவென்று அறிந்து அதன் இருப்பிடத்தை மட்டும் கெடுத்தால் போதும் என்பதே வாட்சன் உலகுக்குக் காட்டிய வழி. 1913இல் மலாயா வந்து அவர் வேலையைப் பார்த்த டச்சு விஞ்ஞானி சுவெல்லன்கிரேபல், அதைக் கற்று டச்சு இந்தியாவுக்குக் கொண்டு சென்றார்.

பெருமையும் குறையும்

வாட்சன் 1911இல் கூட்டரசு மலாய் மாநிலங்களின் மலேரியா தடுப்பு பற்றி நூல் வெளியிட்டார். 1921இல் அது விரிவுபடுத்தப்பட்டு மறுபடியும் வந்தது. 1924இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1928இல் மலாயாவை விட்டுப் புறப்பட்டு, லண்டனில் ரோஸ் பெயரால் அமைந்த ஆய்வுக் கழகத்தில் சேர்ந்து, பின்னர் அதன் இயக்குநரானார். இன்றைய ஸாம்பியாவின் செம்புச் சுரங்கப் பகுதியில் மலேரியாவால் வேலை நின்றுபோகும் நிலை வந்தபோது அவருடைய முறைகள் அங்கும் கைகொடுத்தன. 1955இல் அவர் காலமானார்.

அவரைப் புகழும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தோட்ட முதலாளிகளிடம் அவர் எடுத்துவைத்த வாதத்தில் மனிதாபிமானத்தோடு பணக்கணக்கும் இருந்தது. நோயாளி ஆள் வேலைக்கு வரமாட்டான், செத்தவனுக்குப் பதில் புது ஆளைக் கப்பலேற்றச் செலவாகும், வடிகால் அதைவிட மலிவு என்பதே அந்தக் கணக்கு. பல தோட்டங்கள் இந்தக் கணக்கு புரிந்த பிறகுதான் அசைந்தன. அதற்குள் மாண்டவர்கள் அட்டவணைகளில் எண்களாக மட்டுமே மிஞ்சினார்கள். ஊரில் காத்திருந்த தாய்க்கும் மனைவிக்கும் சேதி போய்ச் சேர்ந்ததா என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது.

இன்றைக்கு என்ன பாடம்?

மலேசியா மலேரியா ஒழிப்புத் திட்டத்தை 1967இல் தொடங்கியது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா, உள்நாட்டுத் தொற்றாக 2018 முதல் ஒன்றுகூடப் பதிவாகாத நிலையை நாடு எட்டியது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. குரங்குகளிடமிருந்து வரும் நோலெசி என்ற மலேரியா இப்போது காட்டோரத்தில் வேலை செய்பவர்களைத் தாக்குகிறது. உலகிலேயே முதன்முதலாக இயற்கையாக அது ஒரு மனிதருக்குத் தொற்றியது 1965இல், பகாங் காட்டில். 1971இல் ஜொகூரிலும் அத்தகைய ஒரு தொற்று இருந்திருக்கலாம் என்று மருத்துவ ஏட்டில் பதிவானது. காடு சுருங்கச் சுருங்க, குரங்கும் கொசுவும் மனிதரும் ஒரே இடத்தில் நெருங்குகிறார்கள். மலைச்சரிவில் வாட்சன் கண்டதுபோலவே இங்கும், நிலத்தின் பயன்பாடு மாறியவுடன் நோயும் வேறு வழியில் வருகிறது.

கொசு மட்டுமல்ல, மற்ற ஆபத்துகளும் இப்படியே வந்தன. தோட்டத்தில் கைக்களையெடுப்பு குறைந்து மருந்தடிப்பு வந்தபோது, நம் பெண்கள் பாராகுவாட் களைக்கொல்லியை முதுகில் சுமந்தார்கள். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின், 2020 தொடக்கத்திலிருந்துதான் அது தடை செய்யப்பட்டது. தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனவர்களுக்கு வேறு ஆபத்துகள் காத்திருந்தன. 1991 மே 7ஆம் தேதி சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் இறந்த பிறகே, 1994இன் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்கு வேகம் பிறந்தது.

அந்தச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்தது. அதன்படி வேலையிடத்தில் என்ன ஆபத்து இருக்கிறது என்று முன்கூட்டியே மதிப்பிடுவது முதலாளியின் கடமை. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பி, முதலாளியிடம் சொல்லியும் அவர் அதை நீக்காவிட்டால், அந்த இடத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. நம்மில் பலருக்கு இது இன்னும் தெரியாது. சொக்சோ சந்தா செலுத்தப்படும் தொழிலாளி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் விபத்தில் சிக்கினால், அதற்கும் பாதுகாப்பு உண்டு. 2017இன் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் டாக்சி, இ-ஹெய்லிங் ஓட்டுநர்களில் தொடங்கி, பொட்டலம் கொண்டு செல்வோர் வரை விரிந்திருக்கிறது. பதிந்துகொண்டால்தான் அதன் பயன் கிடைக்கும்.

ஆனால் இழப்பீடு என்பது அடிபட்ட பின் கிடைப்பது. அடிபடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று பார்த்தால் வாட்சன் கேட்ட கேள்விக்கே வருகிறோம். உணவு கொண்டு செல்லும் பையன் விழுந்தால் அவன் வேகமாக ஓட்டினான் என்று முடித்துவிடுகிறோம். எத்தனை பொட்டலத்துக்கு எவ்வளவு கூலி, எவ்வளவு நேரத்துக்குள் என்று நிர்ணயித்தது யார் என்று கேட்பதில்லை. கிடங்கில் முதுகு பிடித்துக்கொண்டவரிடம் தூக்கத் தெரியவில்லை என்கிறோம். அந்தப் பெட்டி ஏன் அவ்வளவு கனம், தள்ளுவண்டி ஏன் இல்லை என்று கேட்பதில்லை. உச்சி வெயிலில் கட்டுமானத்தில் மயங்கி விழுந்தவரைப் பலவீனமானவர் என்கிறோம். நிழலும் தண்ணீரும் ஓய்வும் இருந்தனவா என்று கேட்பதில்லை.

தோட்டத்து மக்கள் நோஞ்சான்கள் என்று அன்று சொன்னவர்களும் இதே தவற்றைத்தான் செய்தார்கள். வடிகாலும் குழாயும் வந்த பிறகு, அதே மக்கள் அதே தோட்டங்களில் உயிரோடு இருந்து பிள்ளைகளை வளர்த்தார்கள். ஸ்கூடாயிலும் ஜொகூர் முழுவதிலும் இன்று வாழும் பல குடும்பங்கள் அப்படிப் பிழைத்தவர்களின் வழி வந்தவை. நம் வீட்டுப் பிள்ளை புதிதாக ஒரு வேலைக்குப் போகும்போது சம்பளத்தைக் கேட்பதோடு, அங்கே என்ன ஆபத்து இருக்கிறது, அதை நீக்க முதலாளி என்ன செய்திருக்கிறார் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.