கண்ணீரும் பெருநாளும் – தந்தையாக நம் நாயகம் (ஸல்)

பெருநாள் பிறை தென்பட்ட இரவில் எல்லா வீடுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு வீட்டில் பிள்ளைகள் புதுச்சட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காமல் புரண்டு கொண்டிருப்பார்கள். அடுத்த வீட்டில், சென்ற ஆண்டு அப்படிப் புரண்ட பிள்ளை இவ்வாண்டு கபுருக்குள் அடங்கியிருக்கும். அத்தகைய வீடுகளில் சிலர், இந்த வருடம் எங்களுக்குப் பெருநாளே இல்லை என்று தீர்மானித்து விடுகிறார்கள். புத்தாடை இல்லை, அடுப்பு எரிவதில்லை. மிஞ்சியிருக்கும் பிள்ளைகளும் ஒரு மூலையில் முகம் வாடி உட்கார்ந்திருப்பார்கள். வேறு சிலரோ, பெருநாளன்று அழுவது ஈமானுக்குக் குறைவு என்றெண்ணிக் கண்ணீரை நெஞ்சுக்குள்ளேயே அடக்கி வைக்கிறார்கள்.

இந்த இரண்டில் எது சரி? இதற்கு விடை தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வை, ஒரு தந்தையின் வாழ்வாக ஒருமுறை நினைத்துப் பார்த்தாலே போதும்.

பெருமானார் (ஸல்) அவர்கள் தம் தந்தையின் முகத்தைப் பார்த்ததில்லை. ஆறு வயதில் அன்னை ஆமினாவை அப்வா என்னுமிடத்தில் இழந்தார்கள். எட்டு வயதில் பாட்டனார் அப்துல் முத்தலிபும் மறைந்தார். பிறகு பெரிய தந்தை அபூதாலிபின் ஆதரவில் வளர்ந்தார்கள். பெற்றோர் அன்பைக் குறைவாகவே அனுபவித்த அவர்கள்தாம் பிற்காலத்தில் பெற்றோருக்கெல்லாம் முன்மாதிரியாக விளங்கினார்கள்.

25ஆம் வயதில் அன்னை கதீஜா (ரலி) அவர்களை மணந்தார்கள். காஸிம், அப்துல்லாஹ் என்ற ஆண் மக்களும், ஜைனப், ருகையா, உம்மு குல்தூம், பாத்திமா என்ற பெண் மக்களும் பிறந்தனர். ஆண் மக்கள் இருவரும் சிறுவயதிலேயே இறந்து விட்டனர். மூத்த மகனின் பெயரால் அபுல் காஸிம் என்று அழைக்கப்பட்ட அவர்களுக்கு, அந்த அழைப்பே அந்தப் பிள்ளையை நினைவூட்டிக்கொண்டு இருந்திருக்கும். மக்கத்துக் குறைஷிகளில் சிலர், இவருக்கு வாரிசில்லை, இவருடைய பெயர் இவரோடு அற்றுப்போகும் என்று ஏளனம் செய்தனர். பிள்ளையை இழந்தவரைப் பிள்ளையின் பெயரால் குத்துவதைவிடக் கொடுமை வேறென்ன இருக்க முடியும்? அந்த ஏளனத்துக்கு மறுமொழியாகவே கவ்ஸர் சூரா அருளப்பட்டது என்று விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இனி முதல் நோன்புப் பெருநாளுக்கு வருவோம். மதீனாவாசிகள் இரண்டு நாட்களை விளையாட்டு நாட்களாகக் கொண்டாடி வந்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அங்கு வந்தபின், அவற்றைவிடச் சிறந்த இரு பெருநாட்களை அல்லாஹ் நமக்குத் தந்திருப்பதாக அறிவித்தார்கள். ரமலான் நோன்பு கடமையாக்கப்பட்டது ஹிஜ்ரி 2-ல். அந்த ரமலான் பிறை 17-ல்தான் பத்ருப் போர் நடந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் பத்ருக்குப் புறப்படும்போது மகளார் ருகையா (ரலி) நோயுற்றுக் கிடந்தார்கள். அவர்களைக் கவனித்துக்கொள்ளும்படி கணவர் உஸ்மான் (ரலி) அவர்களை மதீனாவிலேயே இருக்கச் செய்தார்கள். போரில் கலந்துகொண்டவர்களைப் போன்றே அவருக்கும் பங்குண்டு என்றும் சொன்னார்கள். நோயுற்ற மனைவியின் பக்கத்தில் இருப்பதற்கு எத்தகைய மதிப்பு அளிக்கப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

வெற்றிச் செய்தியைச் சுமந்துகொண்டு ஜைத் இப்னு ஹாரிதா (ரலி) மதீனாவுக்குள் வந்தபோது, ருகையா (ரலி) அவர்களின் கபுருக்கு மண் தள்ளி முடித்திருந்தார்கள். இஸ்லாத்தின் மாபெரும் வெற்றி ஒருபுறம், மகளின் மரணம் மறுபுறம். அடக்கத்துக்குக்கூடத் தந்தை அருகில் இல்லை. அதன்பின் இரண்டு வாரத்துக்குள் ஷவ்வால் பிறை பிறந்தது. முஸ்லிம்களின் முதல் நோன்புப் பெருநாள், மகளைப் பறிகொடுத்த ஒரு தந்தையின் வீட்டுக்கு வந்த பெருநாள்தான். அந்தத் தந்தை அந்நாளை ஒத்திப் போடவில்லை.

பத்ரில் சிறைப்பட்டவர்களுள் மூத்த மகளார் ஜைனப் (ரலி) அவர்களின் கணவர் அபுல் ஆஸும் ஒருவர். அவர் அப்போது இஸ்லாத்தைத் தழுவியிருக்கவில்லை. மக்காவில் இருந்த ஜைனப் (ரலி), கணவரை மீட்பதற்கு ஒரு கழுத்து மாலையை அனுப்பி வைத்தார்கள். அது மணமகளாகப் புறப்பட்டபோது தாயார் கதீஜா (ரலி) அணிவித்த மாலை. அதைக் கண்டதும் பெருமானாரின் உள்ளம் உருகிற்று. ஆயினும் ஆணையிடவில்லை. கைதியை விடுவித்து மாலையையும் திருப்பி அனுப்ப உங்களுக்குச் சம்மதமா என்று தோழர்களைக் கேட்டுக்கொண்டார்கள். அவர்களும் மனமுவந்து இசைந்தார்கள்.

இத்தனை துயரம் சுமந்த வீட்டில் பெருநாள் எப்படி இருந்தது? ஆயிஷா (ரலி) அவர்களின் அறையில் இரு சிறுமிகள் பாடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்த அபூபக்ர் (ரலி) அதட்டினார்கள். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு பெருநாள் உண்டு, இது நம்முடைய பெருநாள், அவர்களை விட்டுவிடுங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டார்கள். அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு விளையாடியபோது, ஆயிஷா (ரலி) அவர்களைத் தமக்குப் பின்னால் நிறுத்தி, அவர்களாகவே அலுத்துப் போகும்வரை பார்க்க வைத்தார்கள். பெருநாள் திடலுக்குக் கன்னிப் பெண்களையும், தொழுகையில்லாத நாட்களில் இருக்கும் பெண்களையும்கூட அழைத்துவரச் சொன்னார்கள். மேலாடை இல்லாதவளுக்கு அவளுடைய தோழி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்து உதவட்டும் என்றும் சொன்னார்கள். வீட்டில் யாரும் விடுபட்டுப் போகக்கூடாது என்பதில் அத்தனை கவனம்!

பிள்ளைகளிடம் அவர்கள் கொண்ட பாசத்தை மறைத்ததும் இல்லை. ஜைனப் (ரலி) அவர்களின் மகள் உமாமாவைத் தோளில் சுமந்தபடியே தொழுதார்கள். ஸுஜூதுக்குப் போகும்போது இறக்கி விடுவார்கள், எழும்போது மீண்டும் தூக்கிக்கொள்வார்கள். ஒருமுறை மிம்பரில் நின்று உரையாற்றிக் கொண்டிருந்தபோது, சிவப்புச் சட்டை அணிந்த ஹஸனும் ஹுஸைனும் தடுக்கி விழுந்து எழுந்து வருவதைக் கண்டார்கள். பொறுக்க முடியவில்லை. இறங்கிச் சென்று இருவரையும் தூக்கிவந்து முன்னால் அமர்த்திக்கொண்டார்கள். செல்வமும் மக்களும் சோதனையே என்ற இறைவாக்கு எத்தனை உண்மை என்பதை அப்போது எடுத்துச் சொன்னார்கள். பிள்ளைப் பாசம் இன்பமாகவும் சோதனையாகவும் ஒருங்கே இருப்பதை இதைவிடத் தெளிவாக யார் காட்ட முடியும்?

சோதனைகளும் தொடர்ந்தன. ஹிஜ்ரி 8-ல் ஜைனப் (ரலி) மறைந்தார்கள். குளிப்பாட்டிய பெண்களிடம் தம் இடுப்பு ஆடையைக் கொடுத்து, மகளின் மேனியை ஒட்டி அதைச் சுற்றச் சொன்னார்கள் தந்தை. ஹிஜ்ரி 9-ல் உம்மு குல்தூம் (ரலி) மறைந்தார்கள். கபுரின் ஓரத்தில் அமர்ந்திருந்த பெருமானாரின் கண்கள் நீர் சொரிந்ததைத் தோழர்கள் பார்த்தார்கள்.

இதற்கிடையே ஹிஜ்ரி 8-ல், ஹஜ்ஜு மாதத்தில், மாரியா (ரலி) அவர்களின் வயிற்றில் இப்ராஹீம் பிறந்தார். குழந்தைக்குப் பாலூட்டியவரின் கணவர் அபூ ஸைஃப் ஒரு கொல்லர். உலைப் புகை நிறைந்த அந்த வீட்டுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் நடந்தே போய், குழந்தையை வாங்கி முகர்ந்து முத்தமிட்டுத் திரும்புவார்கள். ஒன்றரை வயதையொட்டி அந்தக் குழந்தையும் அவர்கள் மடியிலேயே உயிர் நீத்தது. கண்ணீரைக் கண்டு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வியந்தபோது, இது இரக்கம் என்று விளக்கினார்கள். கண் அழும், உள்ளம் வருந்தும், ஆனால் நாவு இறைவனுக்குப் பிடித்ததையே பேசும் என்பதே அன்று அவர்கள் கற்றுத்தந்த பாடம். அன்று சூரிய கிரகணம் பிடித்தது. நபியின் மகன் இறந்ததால்தான் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். அத்தனை துயரத்திலும் அவர்கள் எழுந்து நின்று, எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று திருத்தினார்கள். வானியல் கணக்குப்படி அந்தக் கிரகணம் கி.பி. 632 ஜனவரி 27-ல் நிகழ்ந்தது.

அதிலிருந்து நாற்பது நாட்களில் வந்ததுதான் பெருமானாரின் கடைசி ஹஜ்ஜுப் பெருநாள். மனைவியர் அனைவரையும் உடன் அழைத்து வந்திருந்தார்கள். ஏழு மக்களில் எஞ்சியிருந்த ஒரே மகளார் பாத்திமா (ரலி) அவர்களும் வந்திருந்தார்கள். புறப்பட்ட துல்ஹுலைபாவிலேயே அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களுக்கு அபூபக்ர் (ரலி) அவர்களின் மகன் பிறந்தான். மகனை இழந்த தந்தையின் பயணத்தில் இன்னொருவர் வீட்டுக் குழந்தையின் முதல் அழுகுரல்! மினாவில் தம் கையாலேயே 63 ஒட்டகைகளை அறுத்தார்கள். நூறில் மீதியை அலீ (ரலி) அறுத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு எடுத்து ஒரே சட்டியில் சமைக்கச் செய்து, மருமகனோடு அமர்ந்து இறைச்சியை உண்டு, குழம்பையும் பருகினார்கள். பிள்ளையை இழந்தும் பெருநாள் உணவை அவர்கள் ஒதுக்கவில்லை.

மூன்று மாதங்கள் கழித்து, ஹிஜ்ரி 11 ரபீவுல் அவ்வலில், மரணப் படுக்கையில் பாத்திமா (ரலி) அவர்களை அருகில் அழைத்துக் காதில் ஏதோ சொன்னார்கள். மகள் அழுதார்கள். மீண்டும் சொன்னார்கள். மகள் சிரித்தார்கள். தாம் இந்த நோயிலேயே பிரியப் போவது முதற்செய்தி. குடும்பத்தில் முதலில் தம்மை வந்து சேரப்போவது அவர்களே என்பது இரண்டாவது. ஆறு மாதங்களில் அவ்வாறே நடந்தது. அழுகையும் சிரிப்பும் ஒரே முகத்தில் நிமிட நேரத்தில் மாறிமாறி வந்த அந்தக் காட்சியில் பெற்றோர் பிள்ளை உறவு முழுவதும் அடங்கிவிடுகிறது.

ஆகவே, பிள்ளையை இழந்த பெற்றோர்களே! பெருநாள் காலையில் உங்கள் கண் கலங்கினால் அதற்காக வெட்கப்படாதீர்கள். அது இரக்கம். ஒப்பாரியும் மார்பில் அடித்துக்கொள்வதும்தாம் விலக்கப்பட்டவை. ஆனால் பெருநாளைத் துறந்துவிடாதீர்கள். கணவரை இழந்தவர்களுக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா உண்டு. மற்ற உறவினர்களுக்காகத் துக்கம் அனுஷ்டிப்பது மூன்று நாட்களே. குளித்து, நல்லாடை அணிந்து, தொழுது, வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர்களும் ஒரு சகோதரனையோ சகோதரியையோ இழந்தவர்கள்தாம்.

மகிழ்ச்சியில் இருக்கும் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. மூத்தா போரில் ஜஃபர் (ரலி) ஷஹீதானபோது, அந்த வீட்டார் துயரத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு உணவு சமைத்துக் கொடுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். இந்தப் பெருநாளில் உங்கள் தெருவில் அடுப்பெரியாத வீடு எது என்று பாருங்கள். சட்டியோடு போங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளையும் உங்கள் பிள்ளைகளோடு தொழுகைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மக்களைத் தந்தவனும் அல்லாஹ்வே, எடுத்துக்கொண்டவனும் அவனே, பெருநாளைத் தந்தவனும் அவனே. அழும்போதும் சிரிக்கும்போதும் நம் நாயகம் (ஸல்) அவர்களின் வழியிலேயே நம்மை நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.