கற்ற இடம் பல: விபுலாநந்த அடிகளாரின் வாழ்வு

கல்வி என்றவுடன் பாடசாலையும் பரீட்சையுமே நம் நினைவில் எழுகின்றன. ஆயின் விபுலாநந்த அடிகளாரின் வாழ்வை நோக்குவோர்க்குக் கற்கும் இடமும் கற்கும் வகையும் பலவென்பது இனிது விளங்கும்.

மட்டக்களப்புக்குத் தெற்கேயுள்ள காரைதீவில், 1892 ஆம் ஆண்டு, சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மைந்தராக அவர் தோன்றினார். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனன். ஊரிலே குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் தமிழ் கற்றார். பின்னர் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச். மைக்கேல் கல்லூரியிலும் பயின்று, பதினாறாம் வயதிலேயே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார்.

நம்மிற் பலர் மிஷன் பாடசாலைகளிற் படித்தவர்கள். அங்கே படித்தால் நம் மொழியும் சமயமும் நம்மை விட்டு நீங்கிவிடுமோ என்று பெரியோர் அஞ்சுவதுண்டு. அவ்வச்சத்துக்கு அடிகளாரின் இளமையே விடையாகும். ஆங்கிலமும் விஞ்ஞானமும் கற்பித்த வகுப்பறையை அவர் வெறுக்கவில்லை. ஊராசிரியர் ஊட்டிய தமிழை மறக்கவுமில்லை.

ஆசிரியப் பயிற்சிக்காகக் கொழும்பு சென்றவர், அந்நகரிலிருந்த தமிழறிஞரை அடுத்துப் பழந்தமிழ் நூல்களைப் பாடங்கேட்டார். தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானமும் பயின்றார். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையில் தேறி, ஈழநாட்டினருள் முதன்முதல் அப்பட்டம் பெற்றவரென்னும் பெருமை எய்தினார். பின்பு யாழ்ப்பாணத்து அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே தாமாகப் படித்து, 1920 இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். லண்டனுக்குச் செல்லாமலே லண்டன் பட்டம் பெற்றார்! பகலில் ஆசிரியர், இரவில் மாணவர்.

அதன்பின் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் பதவி அவரை வந்தடைந்தது. அதனையும் துறந்து 1922 இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். அங்கே பரீட்சையில்லை; பட்டமில்லை. தொண்டும் தியானமுமே பாடம். 1924 இல் துறவு பூண்டு விபுலாநந்தரானார்.

கற்றதைத் தமக்கென வைத்துக்கொள்ளாமை அவர்தம் கல்வியின் சிறப்பு. ஈழம் மீண்டு, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவி, ஏழைச் சிறுவர்க்குக் கல்விக்கண் திறந்தார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார்.

அவர் கற்றனவெல்லாம் ஒன்றுகூடிய இடம் யாழ்நூல். பண்டைத் தமிழரின் யாழ் வழக்கொழிந்து போயிற்று, காட்டுவார் எவருமில்லை. சிலப்பதிகாரமும் அதன் பழைய உரையும் கூறும் குறிப்புக்களைப் புலவராய் ஆராய்ந்தார். சுரங்களின் அளவைக் கணித அறிஞராய்க் கணித்தார். தமிழ் மட்டும் அறிந்தவரோ கணிதம் மட்டும் அறிந்தவரோ இதனைச் செய்திருத்தல் அரிது. பல்லாண்டு உழைப்பின் பயனாகிய அந்நூல் 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே, ஜூலை 19 இல், அடிகளார் இறைவனடி சேர்ந்தார்.

இளைஞர்காள்! திண்ணையோ, கல்லூரியோ, ஆய்வுகூடமோ, மடமோ, எங்கே கற்றாலும் கற்போம். ஒன்றைக் கற்பதற்காக மற்றொன்றைக் கைவிட வேண்டுவதில்லை. பெரியோரும் தம் பிள்ளைகள் எங்கே படிக்கின்றார்கள் என்பதனோடு, கற்றதை யாருக்குப் பயன்படுத்துகின்றார்கள் என்பதனையும் கேட்பாராக.