யார் இந்த ஆல்ஃபிரட் பியூக்கி? லாரி சைலன்சர் பைப்புக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

கரையான்சாவடி வழியா போற டர்போ டீசல் லாரிகளுக்கு அந்த இழுவை எப்படி வருது தெரியுமா? வீணாப் போற புகைதான் காரணம்!

இதற்கு வழி கண்டவர் ஆல்ஃபிரட் பியூக்கி. 1879-ல் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்த இன்ஜினியர். 1905-லேயே காப்புரிமை வாங்கிட்டார். ஆனா, 1915-ல் செய்த மாதிரி இன்ஜின் சரியா ஓடலை. மனுஷன் விடலை.

1925-ல், சிலிண்டர்களின் புகையைத் தனித்தனி ஒடுக்கமான குழாய்களில் பிரித்து டர்பைனுக்கு அனுப்பும் முறையைக் கொண்டுவந்தார். ஜெர்மன் பயணிகள் கப்பல் இன்ஜின்களின் சக்தி 1,750-லிருந்து 2,500 குதிரைத்திறனாக எகிறியது. 1959-ல் பியூக்கி மறைந்தார்.

இன்றைக்கும் கணக்கு அதேதான். டர்போவுக்கு முன்னால் குழாய் ஒடுக்கம். பின்னால் புகை தடையில்லாம வெளியேறணும். சைலன்சர் மாத்துறப்போ பழைய அளவைவிடச் சின்ன பைப் போட்டா டர்போ திணறும், சூடு ஏறும், டீசலும் கூடுதலா குடிக்கும்.